வேகம் 25-லேயே நிற்கிறதா? மனசைக் கேட்காதீர்கள்... தாளைக் கேளுங்கள்!

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. குறுகலான படி. பாதி ஏறும்போதே 'டக் டக் டக்' என்று சத்தம், நடுநடுவே 'டிங்' என்று ஒரு மணி. செல்போனும் கம்ப்யூட்டரும் வந்து இத்தனை காலம் ஆன பிறகும், தமிழ்நாட்டில் பல ஊர்களின் கடைத்தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 தேர்வு எழுதித் தட்டச்சர் பணிக்குப் போக வேண்டுமானால், அரசு தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சு பாஸ் செய்த சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதனால் பிளஸ் டூ முடித்த பெண்களும் வருகிறார்கள். காலேஜ் பையன்களும் வருகிறார்கள். பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டு, சமையலை முடித்துவிட்டு பத்தரை மணி பேட்சுக்கு ஓடி வரும் அம்மாக்களும் வருகிறார்கள்.

ஆங்கிலத்தில் லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஹையர் என்றால் 45. இங்கே ஒரு வார்த்தை என்பது ஐந்து தட்டல். ஆக, லோயருக்கு நிமிடத்துக்கு 150 தட்டல், நொடிக்கு இரண்டரை. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

முதல் நாள் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். இடது கைக்கு 'ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப்'. வலது கைக்கு 'செமிகோலன், எல், கே, ஜே, ஹெச், ஜே'. நாள் கணக்கில் அந்த ஒரே வரிதான். சுண்டு விரலுக்குப் பலம் போதாது என்பதால் 'ஏ' மட்டும் தாளில் மங்கலாக விழும். அவசரப்பட்டால் இரண்டு கம்பிகள் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்ளும். ஆனாலும் முதல் சில வாரங்கள் உற்சாகமாகவே போகும். போன வாரம் தெரியாத எழுத்து இந்த வாரம் தெரியும். எட்டு வார்த்தை பன்னிரண்டாகும், பன்னிரண்டு பதினெட்டாகும்.

பிறகு ஒரு நாள், 25-ல் வந்து நின்றுவிடும்.

அடுத்த வாரமும் 25. அதற்கடுத்த வாரம் 24. பக்கத்து மெஷினில் பின்னால் வந்து சேர்ந்த பெண் 30-ஐத் தாண்டியிருப்பாள். வீட்டில் "ரெண்டு மாசமா போறியே, இன்னுமா முடியலை?" என்று கேட்பார்கள். "சார், எனக்கு இது வராது போல" என்று மாஸ்டரிடம் தயங்கித் தயங்கிச் சொல்வதும், தலைவலி என்று ஒரு நாள், வீட்டில் விருந்தாளி என்று ஒரு நாள் லீவு போடுவதும், அப்படியே வராமல் நின்றுவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

நின்றுவிடுகிறவர்கள் இழப்பது மாதக் கட்டணத்தை மட்டும் இல்லை. 'முயற்சி செய்து பார்த்தேன், எனக்கு வரவில்லை' என்ற எண்ணத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அடுத்து எதைக் கற்கப் போனாலும் அது கூடவே வரும். இத்தனைக்கும், அவர்களுக்கு வரவில்லை என்பதற்கு ஆதாரம் என்ன? 'நகரவே இல்லை' என்று மனசு சொன்னது, அவ்வளவுதான். அந்த மனசின் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தந்தி ஆபீஸில் கண்ட உண்மை

இந்தக் கேள்விக்கு நூறு வருடங்களுக்கு மேல் வயதாகிறது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் லோவ் பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்ற இருவர் 1897-லும் 1899-லும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்கள். ஹார்ட்டர், தந்தி ஆபீஸில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர். மோர்ஸ் தந்தி கற்றுக்கொள்ள வந்தவர்களின் வேகத்தை வாரவாரம் சோதித்து, அதை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார்கள்.

தந்தியில் இரண்டு வேலைகள் உண்டு. செய்தியைத் தட்டி அனுப்புவது ஒன்று. எதிர்முனையில் இருந்து வரும் 'கட்டு, கடா' சத்தத்தைக் கேட்டு எழுதுவது இன்னொன்று. அனுப்பும் வேகம் ஓரளவு சீராக ஏறியது. கேட்டு எழுதும் வேகம் அப்படி ஏறவில்லை. கொஞ்ச தூரம் ஏறியது, பிறகு வாரக்கணக்கில் ஒரே மட்டத்தில் படுத்துக் கிடந்தது. அதன் பிறகு மறுபடியும் ஏறியது. மலைப்பாதையில் ஏறும்போது நடுவே வரும் சமவெளி மாதிரி இருந்த அந்த இடத்துக்குச் 'சமதளம்' என்றே பெயர் வைத்தார்கள். முழுநேர வேலைக்குத் தேவையான வேகத்துக்குச் சற்றுக் கீழேதான் அந்தச் சமதளம் வந்தது.

அந்த வாரங்களில் உள்ளே என்ன நடந்தது? அவர்கள் கொடுத்த விளக்கம் இது. தந்தி கற்பவர் முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்கிறார். பிறகு வார்த்தையாகக் கேட்கிறார். கடைசியில் சொற்றொடராகவே கேட்கிறார். எழுத்துகளைக் கேட்பது யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழகினால்தான், கவனம் அதிலிருந்து விடுபட்டு வார்த்தைக்குப் போக முடியும். அந்தப் பழக்கம் முற்றும் வரை, வெளியே காட்ட எந்த எண்ணும் கிடைக்காது. ஆனால், வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். நன்றாகத் தேர்ந்த தந்தி ஊழியர்கள் சத்தம் வந்த உடனே எழுதுவதில்லை; சில வார்த்தைகள் பின்னால் தங்கி, நிதானமாக எழுதுவார்கள் என்பதையும் அவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

நம் வீட்டிலேயே இதைப் பார்த்திருக்கிறோம். ஒன்றாம் வகுப்புக் குழந்தை 'ப... ள்... ளி' என்று விரலை வைத்து வைத்துப் படிக்கும். மாதக்கணக்கில் அப்படியேதான் படிக்கும். 'இவன் எப்போது ஒழுங்காகப் படிக்கப் போகிறான்' என்று அம்மா கவலைப்படுவார். திடீரென்று ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, போகிற வழியில் இருக்கும் கடை போர்டுகளை எல்லாம் வரிசையாக வாசித்துக்கொண்டே வரும். அது ஒரே நாளில் வந்த திறமை கிடையாது. எழுத்து கூட்டிய அத்தனை மாதங்களும் சேர்ந்து, அந்த பஸ் பயணத்தில் வெளியே தெரிந்தது.

டைப்ரைட்டிங்கில் 25-ல் நிற்கும் விரல்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன. எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுவது முடிந்துவிட்டது. வார்த்தையை ஒரே அசைவாகத் தட்டுவது இன்னும் வரவில்லை.

நன்றாகக் கற்றவர்களுக்கே குறை!

மனசின் சாட்சி எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு இன்னொரு ஆய்வு உண்டு. அது தட்டச்சு பற்றியதே. பிரிட்டனில் தபால்களைப் பிரிக்க இயந்திரங்கள் வந்தபோது, தபால் ஊழியர்கள் கீபோர்டில் தட்டப் பழக வேண்டியிருந்தது. அவர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதை ஆலன் பேட்லி, லாங்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்து, 1978-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஊழியர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயிற்சி. இரண்டு குழுக்களுக்கு இரண்டு மணி நேரம். ஒன்றுக்குச் சேர்ந்தாற்போல, மற்றொன்றுக்கு இரண்டாகப் பிரித்து. நான்காவது குழுவுக்கு இரண்டு இரண்டு மணி நேரமாக நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். பயிற்சி எடுத்த மொத்த மணி நேரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், தினமும் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள்தான் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றிருந்தார்கள்.

ஆச்சர்யம் அதற்குப் பிறகு. 'உங்களுக்குக் கிடைத்த பயிற்சி முறை திருப்தியாக இருந்ததா?' என்று கேட்டபோது, அதிகம் குறைப்பட்டுக்கொண்டவர்களும் அதே ஒரு மணி நேரக் குழுவினர்தான். காலண்டரைப் பார்த்தார்கள். நான்கு மணி நேரக்காரர்கள் நாள் கணக்கில் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். தாங்கள் பின்தங்குவதாக நினைத்துக்கொண்டார்கள். செலவழித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அதிகப் பலனைப் பெற்றவர்களுக்கே, தாங்கள் மெதுவாகப் போகிறோம் என்ற மனக்குறை.

வீட்டு வேலைக்கு நடுவே ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கி வரும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். காலையில் ஒரு பேட்ச், மாலையில் ஒரு பேட்ச் என்று வரும் காலேஜ் மாணவியோடு நாள் கணக்கில் போட்டி போட்டால், தோற்பதாகத்தான் தோன்றும். நாளை விட்டுவிட்டு மணியை எண்ணிப் பார்த்தால், கதை வேறாக இருக்கலாம்.

சும்மா காத்திருந்தால் போதுமா?

'அப்படியானால் 25-ல் நிற்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், தானாக ஏறிவிடும்' என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஃபிரெட் கெல்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தினருக்கு மோர்ஸ் கற்றுத்தரும் முறையை வகுத்தவர். இந்தச் சமதளம் எல்லோருக்கும் கட்டாயம் வரக்கூடிய ஒன்றா என்று சந்தேகப்பட்டு, 'மாயச் சமதளம்' என்ற பொருளில் தலைப்பு வைத்தே 1958-ல் ஒரு கட்டுரை எழுதினார். கற்றுத்தரும் முறையை மாற்றினால் சமதளமே இல்லாமலும் போகலாம் என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

திறமையாளர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்பதைப் பல வருடங்கள் ஆராய்ந்த ஆண்டர்ஸ் எரிக்ஸன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளரும் இதே திசையில்தான் பேசினார். ஒரு வேலை 'போதும்' என்ற அளவுக்கு வந்துவிட்டால், அதன் பிறகு அதையே திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டும் திறமை ஏறாது. இதற்கு நம் ஆபீஸ்களே சாட்சி. இருபது வருடங்களாக இரண்டே விரலால் கம்ப்யூட்டரில் தட்டுகிறவர், இருபது வருடப் பழக்கத்தால் வேகமாகிவிடுவதில்லை.

ஆக, பொறுமை என்ற பெயரில் அதே தவறை ஆறு மாதம் செய்யவும் வாய்ப்பு இருக்கிறது. உள்ளே வளர்ச்சி நடக்கிறதா, நிஜமாகவே தேங்கிவிட்டோமா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும். மனசு அதற்கு உதவாது. தாள் உதவும்.

தாளிடம் கேட்க வேண்டியவை

தேதி போட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒரு தாளையாவது தூக்கிப் போடாமல், தேதி எழுதி ஒரு ஃபைலில் சேர்த்து வைக்கலாம். இன்றைய தாளை நேற்றைய தாளோடு ஒப்பிட வேண்டாம். தூக்கம் போதாத நாள், காய்ச்சல் வந்த நாள் என்று தினசரி ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரு மாதத்துக்கு முந்தைய தாளை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

வேகத்தோடு பிழையையும் எண்ணுங்கள். போன மாதம் 25 வார்த்தை வேகத்தில் பத்து நிமிடத்தில் 20 பிழைகள். இந்த மாதமும் அதே 25, ஆனால் பிழைகள் 7. இதை 'நகரவில்லை' என்று எப்படிச் சொல்வது? தேர்வில் பிழைக்கு மதிப்பெண் போகிறது என்பதால், இதுவும் நிஜமான முன்னேற்றம்தான். மங்கலாக விழுந்த 'ஏ' இப்போது அழுத்தமாக விழுகிறதா, பத்தாவது நிமிடத்திலும் முதல் நிமிடத்தின் வேகம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எங்கே இடறுகிறது என்று தேடுங்கள். பிழைகளை வட்டமிட்டால், பெரும்பாலும் அதே சில எழுத்துகள், அதே சில ஜோடிகள் திரும்பத் திரும்ப வரும். முழுப் பத்தியையும் இன்னொரு முறை தட்டுவதற்குப் பதிலாக, அந்த வார்த்தைகளை மட்டும் தனியாக ஐந்து வரி தட்டிவிட்டு, பிறகு பத்திக்குப் போகலாம்.

வாரத்தில் ஒரு நாள் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். பிழை வந்தாலும் பரவாயில்லை என்று, வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகத் தட்டும் ஒரு நாள். எந்த இடத்தில் விரல் தடுமாறுகிறது என்பது அன்றைக்கு அப்பட்டமாகத் தெரியும். மறுநாள் அந்த இடத்தை மெதுவாகச் சரிசெய்யலாம்.

இடைவெளியைச் சின்னதாக்கிப் பாருங்கள். 25-க்கும் 30-க்கும் நடுவே இருப்பது ஐந்து வார்த்தை. அதாவது, நிமிடத்துக்கு 25 தட்டல். இரண்டு நொடிக்கு ஒரு தட்டல்கூட இல்லை. 'லோயர் பாஸ் செய்ய வேண்டும்' என்பது மலைப்பாகத் தெரியலாம். '25-ஐ 26 ஆக்க வேண்டும்' என்பது மலைப்பாகத் தெரியாது.

இவ்வளவும் செய்து, நான்கு வாரத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தும் வேகம், பிழை, அழுத்தம் எதிலுமே மாற்றம் இல்லையா? அப்போது மாஸ்டரிடம் போய், "சார், என் உட்காரும் முறை, விரல் வைக்கும் முறையை ஒரு தடவை பாருங்களேன்" என்று கேட்க வேண்டும். கீபோர்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டும் பழக்கமோ, தப்பான விரலை உபயோகிக்கும் பழக்கமோ இருந்தால், தட்டுகிறவருக்கே தெரியாது. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். விரலை மாற்றிப் பழகும்போது சில நாள் வேகம் 20-க்கு இறங்கக்கூடும். அந்த இறக்கத்துக்குப் பயந்து பழையபடி போய்விடக் கூடாது.

மற்ற இடங்களிலும் இதே கணக்குதான்

பாட்டு கிளாஸில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று மாதக்கணக்கில் பாடும்போது, 'எப்போது கீர்த்தனைக்குப் போவோம்' என்று அலுப்பு வரும். போனில் மாதம் ஒரு முறை அதே வரிசையை ரெக்கார்டு செய்து வைத்தால், மூன்றாம் மாதத்தில் முதல் மாதக் குரலைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிடும். எடை குறைக்க நடக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். உடம்பில் தண்ணீரும் உப்பும் மாறுவதற்கேற்ப எடை மெஷின் தினமும் முன்னே பின்னே காட்டும். அந்த முள்ளை மட்டும் நம்பாமல், இடுப்பளவையும், மூச்சு வாங்காமல் எத்தனை படி ஏற முடிகிறது என்பதையும் மாதம் ஒரு முறை குறித்து வைக்கலாம். எதைக் கற்றாலும், பழைய நிலைக்கு ஒரு சாட்சியை எடுத்து வைத்துக்கொள்வதுதான் முக்கியம். பழைய நிலை மறந்துபோவதால்தான், வந்த தூரம் தெரிவதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

வகுப்புக்குப் போகிறவரின் பொறுமை பாதி அவர் கையில் இருக்கிறது. மீதி, வீட்டில் இருப்பவர்கள் கையில். 'இன்னுமா முடியலை?' என்று கேட்கும் இடத்தில், 'இந்த வாரம் எத்தனை தப்பு வந்துச்சு?' என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் கேள்விக்குத் தலைகுனிவதைத் தவிர வேறு பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு ஃபைலைத் திறந்து காட்டலாம்.

இன்னொன்றும் உண்டு. மனைவியோ மருமகளோ அந்த ஒரு மணி நேரத்துக்காக மூன்று மணி நேர வேலையை முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு வருகிறார். பேட்சுக்குக் கிளம்பும் நேரத்தில் "அந்த காஸ் புக் பண்ணிட்டுப் போம்மா" என்று ஒரு வேலை சேர்ந்தால், பத்து நிமிடம் போய்விடும். வாரத்தில் மூன்று நாள் அப்படி நடந்தால் அரை மணி நேரப் பயிற்சி போச்சு. முன்னேற்றம் மெதுவாக இருப்பதற்குத் திறமைக் குறைவே காரணம் என்று முடிவு செய்வதற்கு முன், நிஜமாக எத்தனை மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார முடிந்தது என்று எண்ணிப் பார்ப்பதுதான் நியாயம்.

தட்டச்சுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. இந்த முறை தயாராக இல்லை என்று மாஸ்டர் சொன்னால், அடுத்த முறை இருக்கிறது. பாஸ் செய்த பிறகு கைக்கு வரும் சான்றிதழில் எந்த மொழி, லோயரா ஹையரா, என்ன வகுப்பில் தேர்ச்சி என்பதெல்லாம் இருக்கும். 30 வார்த்தையைத் தொட எத்தனை மாதம் ஆனது என்று கேட்கும் கட்டம் மட்டும் அதில் கிடையாது.